சிட்டையில் கஷாயம்

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன்.
அதன் கீழே ‘கஷாயம், ஐந்து லிட்டர்.’
பீர் என்று எழுதக் கை வரவில்லை,
எழுதினால் சட்டம் வாசித்துவிடும்.

முளைகட்டி உலர்த்திய பார்லி ஒரு கிலோ,
ஹாப்ஸ் முப்பது கிராம், பெங்களூரிலிருந்து.
கூரியர்க்காரர் பொட்டலத்தை முகர்ந்து
“சுகருக்கு மருந்தாண்ணே?” என்றார்.
ஆமாம் என்றேன்.
மாமியாருக்கு வேண்டுமென்று முகவரி கேட்டார்.

சிகப்பி பல் டாக்டர், செக்காலையில் கிளினிக்.
குடிக்க மாட்டாள்.
ஆனால் கிருமி என்று வந்துவிட்டால்
வீட்டில் அவள் சொல்வதுதான்.
வாளியை, கரண்டியை, என் கையை முழங்கை வரைக்கும்
கழுவவைத்தாள், மறுபடி கழுவவைத்தாள்.
குளுக்கோஸ் ஏற்றும் குழாயை மூடியில் செருகி
மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் முக்கினாள்.
“மூச்சு வெளிய போகணும், உள்ள வரக் கூடாது.”

அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம்.
அறுபத்தெட்டு என்றால் அடுப்பை அணைத்தேன்,
அறுபத்தாறு என்றால் அலறினேன்.
ஐந்நூறு பேர் பந்திக்குப் படும் பாடு
ஐந்து லிட்டருக்கு.
வீடெல்லாம் ஹார்லிக்ஸ் வாசம்.
ஹாப்ஸ் விழுந்ததும்
எலுமிச்சைத் தோலில் வேப்பங்கொழுந்தைச் சுருட்டிக்
கொதிக்கவிட்டது போல.
வடித்த சக்கையை எதிர்வீட்டு மயிலு
மாட்டுக்கு வாங்கிப் போனாள்.

ஈஸ்ட் பாக்கெட்டில் இருபது டிகிரி என்றிருந்தது.
வெளியே அக்னி நட்சத்திரம், நாற்பத்தொன்று.
வீட்டுக்குப் பதினோரு புள்ளி,
வெயில் நுழையாத அறை ஒன்றே ஒன்று.
அதன் பூட்டு பினாங்கிலிருக்கும் மெய்யாத்தாள் பங்கு.
கஷாயம் வைக்க வேண்டுமென்று செய்தி அனுப்பினேன்.
“வச்சுக்க. சுவத்துல கறை படக் கூடாது.”

அண்டாவில் தண்ணீர், அதற்குள் வாளி,
வாளிக்கு ஈரத்துண்டு,
நாலு மணிக்கொரு தரம் ஐஸ் பாட்டில்.
ஈஸ்ட் இருபது கேட்டது,
இருபத்தேழில் பேசி முடித்தேன்.

காலையில் ஒன்றுமில்லை.
மத்தியானமும்.
விளக்கு வைக்கிற நேரத்தில் டம்ளரில் ஒரு குமிழி.
இன்னொன்று.
பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது.
பர்மாவில் எங்கள் ஆட்கள் வட்டிக்கு விட்டதாகக் கேள்வி,
அது குட்டி போடுகிற சத்தத்தைக்
காதால் கேட்டது அன்றுதான்.

பன்னிரண்டாம் நாள்,
பன்னீர் சோடா பாட்டில் பன்னிரண்டு.
பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சீனி என்று கணக்கு.
எங்கள் பக்கத்தில் எதையும்
அரையாகப் பரிமாறிப் பழக்கமில்லை.

நாலாம் இரவு இரண்டு பத்துக்கு முதலாவது வெடித்தது.
அது போன கையோடு அடுத்தது.
சிகப்பி கிளினிக்கின் முகக்கவசம் மாட்டிக்கொண்டு
ஒரு கையில் தலையணை, ஒரு கையில் சாவி,
கதவை ஒரு சாண் திறந்து பார்த்தாள்.
ஆத்தங்குடிப் பூக்களின் மேல் நுரை நடந்து போனது.
சுவரில்,
முட்டை வெள்ளை பூசி மெருகேற்றிய அந்தச் சுவரில்,
மலாயா வரைபடம் போல ஒரு கறை.
நாங்கள் பேசவில்லை.
பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்,
கவசத்துக்குள் மூடுபனி படர.

விடிந்தபோது மூன்று பாட்டில் மிச்சம்.
முற்றத்தில் வைத்துத் திறந்தோம்.
ஒன்று ஓட்டுக்குப் போனது,
ஒன்று என் சட்டைக்கு.
மூன்றாவதில் அரை டம்ளர் நின்றது, கலங்கலாக.
நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து
“வாழைப்பழம்,” என்றாள். “சூட்டுல வளந்திருக்கு.”
மீதியை நான் குடித்தேன்.
புளிப்பு. ஓரத்தில் ஒரு கசப்பு.
நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்து
ஏப்பம் விட்டேன்.

ஐந்தொகை:
வரவு அரை டம்ளர்.
மெய்யாத்தாளுக்குப் பாக்கி, சுவர் ஒன்று.
கூரியர்க்காரர் மாமியாருக்குப் பாக்கி, ஒரு பதில்.
அடுத்த பக்கத்தில் ‘கஷாயம், இரண்டாவது’ என்று எழுதி
சீனிக்கு நேரே ‘அரை’ என்று போட்டு
இரண்டு கோடு இழுக்கும்போது
வாசலில் மயிலு குரல்:
“அண்ணே, அந்தச் சக்கை திரும்ப எப்ப வரும்?
புண்ணாக்கு வச்சா மொகந்து பாத்துட்டு
உங்க வீட்டப் பாக்குது.”

மாடு அதற்குள்
இரண்டு படி ஏறியிருந்தது.