டிரைவர் இல்லை

நாலு கம்ப்யூட்டர். அதில் மூணு
துறைமுக ஆபீஸ் ஏலத்தில் எடுத்தவை.
புது விண்டோஸ் அவற்றைப் பார்த்து
தகுதியில்லை என்று சொன்ன மாதம்
ஒரு பென் டிரைவில் லினக்ஸ் வந்தது.
கொண்டுவந்தவன் எபிநேசர்,
பாலிடெக்னிக்கில் மூணு அரியர் பாக்கி வைத்திருப்பவன்.
காசு கேட்கவில்லை.
ஒரு ரோஸ்மில்க் குடித்தான்.

மூணு எழுந்துகொண்டன.
நாலாவதில் வைஃபை இல்லை.
உள்ளே இருக்கும் சிப்பு
யார் செய்ததென்று சொல்ல மறுத்தது,
ஸ்டேஷனில் உட்காரவைத்த
ஊர் பேர் தெரியாத ஆள் மாதிரி.
நீளமாக ஒரு ஒயர் இழுத்தோம்.

பிறகு பிரிண்டர்.
விளக்கு எரிந்தது, தாளை இழுத்தது,
வெள்ளையாகவே வெளியே துப்பியது.
"டிரைவர் இல்லக்கா" என்றான் எபி.

வரிசையில் நின்ற தேசிங்கு சிரித்துவிட்டார்.
ட்ரெய்லர் ஓட்டுகிறவர்.
ரெண்டு நாளாக எண்ணூர் ரோட்டில் வண்டி நிற்கிறது,
ஒரு பில் பிரிண்ட் எடுக்க இறங்கி வந்தவர்.
"இன்னாம்மா, திருவொத்தியூர்லேர்ந்து ஜீரோ கேட் வரிக்கும்
டிரைவருங்கதான் நிக்கிறோம்.
உனுக்கு ஒர்த்தன் கெடைக்கலியா?"
நானும் சிரித்தேன்.
பில்லுக்கு அவரை எதிர்க் கடைக்கு அனுப்பினேன்.
அஞ்சு ரூபாய்.
அப்புறம் அவர் அங்கேயே போகிறார்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.
கொசுவர்த்தி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
எங்கேயோ யாரோ ஒருத்தர்
இதே பிரிண்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.
கம்பெனி எழுதித் தராததை
அது பேசுவதை ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டுத்
தானே எழுதி
சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
அங்கே பனியோ, புழுக்கமோ.
எவனாவது ரோஸ்மில்க்காவது வாங்கிக் கொடுத்தானோ.

பிரிண்டர் முனகியது.
முதல் தாளில் தமிழுக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டம்.
ரெண்டாவதில் எழுத்து வந்தது,
'தொகை'யில் கொம்பு மட்டும் இடம் தவறி
'த'வுக்குப் பின்னால் நின்றது.
மூணாவது சரியாக வந்தபோது
எபி கீபோர்டிலேயே தூங்கியிருந்தான்.

ஆனால் ரேகைக் கருவி இருக்கிறதே,
கட்டைவிரல் வைத்தால் பென்ஷன் வருமே, அது.
விண்டோஸுக்கு மட்டும் என்று
பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது.
கம்பெனிக்கு போன் போட்டேன்.
"லினக்ஸ்லாம் யாரு மேடம் யூஸ் பண்றாங்க?"
நான் பண்றேன், என்றேன்.
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை.

ஆள் இல்லை என்று டிரைவர் எழுதமாட்டார்கள்.
டிரைவர் இல்லை என்று ஆள் வரமாட்டார்கள்.
நடுவில் என் கடை வாடகை.

கடன் வாங்கி மூலையில் ஒரு விண்டோஸ் போட்டேன்.

வெள்ளிக்கிழமை லூர்துமேரி வந்தார்.
காசிமேட்டில் இறால் உரிக்கிறவர்,
இருபத்தாறு வருஷமாக ஐஸில் ஊறிய கை.
கருவி பச்சையாக மினுக்கியது.
டிரைவர் இருந்தது, லைசென்ஸ் இருந்தது,
அன்றைக்கு அதிசயமாக நெட்டும் இருந்தது.
ரேகை இல்லை.
முந்தானையில் துடைத்து, மறுபடி.
தேங்காயெண்ணெய் தொட்டு, மறுபடி.
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை
பத்தும் வைத்துப் பார்த்தாயிற்று.
பொருந்தவில்லை,
பொருந்தவில்லை என்றது
நல்ல சுத்தமான தமிழில்.

அவர் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.
கடையைத்தான் சுற்றிப் பார்த்தார்.
"அந்தாண்ட நாலு பொட்டி சும்மாதான கீது,
அதுல வெச்சுப் பாக்கட்டா?"
அதுல ஆகாதும்மா, என்றேன்.
ஏன் ஆகாது என்று அவர் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் சொல்லத் திணறியிருப்பேன்.
திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

எபிக்கு மெசேஜ் போட்டேன்:
அந்த ரேகை மெஷினு பேசுறத
ஒட்டுக்கேக்க முடியுமாடா?
ரொம்ப நேரம் மூணு புள்ளி ஆடிக்கொண்டே இருந்தது.
பிறகு வந்தது பதில்:
ரெண்டு ரோஸ்மில்க்.