முப்பது காசுக் கழிவு

பதின்மூன்று வாரம் என்றுதான் பேச்சு.
பாடத்திட்டத்தில் இருந்தது:
ஒரு பழக்கத்தை மாற்று, கணக்கு வை, அறிக்கை கொடு.
மதிப்பெண்ணில் முப்பது விழுக்காடு.

நான், தர்ஷிகா, வெய் ஷுவான், ஹஃபிஸ்.
நால்வரும் தேடியது
சோம்பேறிகளுக்குத் தோதான ஒரு பழக்கம்.
சாப்பாட்டு டப்பா என்று முடிவானது.
செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

டோவர் உணவங்காடியில்
முதல் நாள் டப்பாவை நீட்டியபோது
சோற்றுக் கடைப் பெண்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
இவ்வளவு சின்னதிலா மூன்று கறி என்று
மாண்டரினில் கேட்டதை
வெய் ஷுவான் மொழிபெயர்ப்பதற்குள்
பின்னால் நின்றவர் இரண்டு முறை இருமினார்.

பொட்டலப் பெட்டி வேண்டாமென்றால்
முப்பது காசு கழிவு.
கழிவு என்றால் தள்ளுபடி,
கழிவு என்றால் குப்பையும்தான் என்றேன்.
தர்ஷிகா மட்டும் சிரித்தாள்.
மற்ற இருவருக்கும் விளக்கப்போய்
சோறு ஆறியது.

இரண்டாம் வாரம் ஹஃபிஸ் மூடியைத் தொலைத்தான்.
மூடியில்லா டப்பாவில் மீ ரெபுஸ் வாங்கி
இரு கைகளிலும் ஏந்தி
குழந்தையைத் தூக்கி வருபவன்போல் வந்தான்.
மின்தூக்கிக் கதவு அவசரப்பட்டது.
எங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்
அந்தக் குழம்பு
இன்னும் உலர்ந்து கிடக்கிறது.

தர்ஷிகாவுக்கும் அவள் அக்காவுக்கும் ஒரே அறை.
ஏர்கானை இருபத்தைந்தில் வைக்கலாமா என்று
இவள் கேட்டதில்
மூன்று நாள் பேச்சில்லை.
நான்காம் இரவு மின்விசிறி மட்டும் சுற்றியது.
சமாதானமா, ரிமோட்டில் பேட்டரி தீர்ந்ததா,
அவள் விசாரிக்கவில்லை.

நவம்பர் மழையில்
நூலக வாசலில் குடைக்குப் பிளாஸ்டிக் உறை தருவார்கள்.
வேண்டாம் என்று பெருமையாக நடந்தோம்.
திரும்பிப் பார்த்தால்
நாங்கள் சொட்டிய வழியெல்லாம்
துடைப்பத்தோடு ஒருவர் குனிந்து வந்துகொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை அவர்.
அதன்பிறகு
குடையை வெளியிலேயே உதறுகிறோம்,
முழங்கால்வரை நனைந்து,
ஒவ்வொருவரும் ஏழெட்டு உதறல்.
இது அறிக்கையில் இல்லை.

மொத்தம் இருநூற்றுப் பதினொரு பெட்டிகள்.
வாங்காத பெட்டிகளை எண்ணுவது விசித்திரம்,
இல்லாததற்கு ஒரு கட்டம், ஒரு தேதி, ஒரு கூட்டல்.
எங்கள் புளோக்கில் நள்ளிரவில்
பன்னிரண்டாம் மாடிக் குப்பைக் குழாயில்
எதுவோ தடதடவென இறங்கும்போதெல்லாம்
அந்த எண் நினைவுக்கு வந்து
சின்னதாகிப் போகும்.

பி பிளஸ் கிடைத்தது.
குழு அரட்டையில் நான்கு பட்டாசு,
பிறகு மௌனம்.
விடுமுறைக்கு பாங்காக் போக
மலிவாக டிக்கெட் கண்டுபிடித்தது நான்தான்.
விமானத்தில் ஓர் இருக்கைக்கு எவ்வளவு புகை,
அதற்கு எத்தனை பெட்டி என்று
வெய் ஷுவான் கைப்பேசியில் தட்டினான்.
வந்த எண்ணைப் பார்த்தான்.
திரையை அணைத்தான்.
"ஜன்னல் பக்கம் யாருக்கு?" என்றான்.
போனோம். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது யாரும் எண்ணுவதில்லை.
ஹஃபிஸ் சேவைக்குப் போய்விட்டான்,
மொட்டைத்தலைப் படம் அனுப்புகிறான்.
நான் பகுதிநேர வேலைக்கு ஓடும் வழியில்
அதே கடை, அதே வரிசை.
நேற்று பையில் கைவிட்டால் டப்பா இல்லை,
வீட்டில் கழுவிக் கவிழ்த்தபடி.

சோற்றுக் கடைப் பெண் என்னைப் பார்த்தாள்.
ஒரு உள்ளங்கையின் மேல்
இன்னொரு உள்ளங்கையைக் கவிழ்த்து
மூடுவதுபோல் காட்டி
புருவத்தை உயர்த்தினாள்.
எங்கே?

பெட்டிகள் அவள் முழங்கையருகே
அடுக்கடுக்காய் இருந்தன.
நான் தலையைச் சொறிந்தேன்.
அவள் ஒரு தட்டை எடுத்தாள்.

உட்கார நேரமில்லை.
உட்கார்ந்தேன்.
கத்திரிக்காய், முட்டை, கொஞ்சம் கீரை.

தட்டைத் திருப்பி வைத்துவிட்டு ஓடும்போது
பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது.
அடுத்தது பதினொரு நிமிடத்தில்.