இருபது லிட்டர்

கினெஷ்மாவில் வோல்கா உறைந்துவிட்டது, மூன்று சாண் ஆழத்துக்கு.
துளைக்கருவியைத் திருகினால்
முதலில் வெள்ளைத் தூள்,
பிறகு சாம்பல்,
பிறகு கறுப்பாய்க் குபுக்கென்று தண்ணீர்.

ஞாயிறுதோறும் நான்கு துளை, நான்கு பேர்,
ஒரு பாட்டில், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, ரொட்டி.
மீன் கடிக்கும்வரை வேறு வேலையில்லை.
ஆகவே
ஆப்கன் போரில் நாம் தோற்றது யாரால் என்று பேசுவோம்.

தளபதிகளால், என்பான் ஸவேலி.
வரைபடத்தை மடித்த மடிப்புக்குள்
எங்கள் படைப்பிரிவு கிடந்தது,
விரித்துப் பார்க்க ஒருத்தனுக்கும் நேரமில்லை.
போன வாரம் அவனே மலைகளைச் சொன்னான்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்,
உனக்கு மலை கோணலா என்று கேட்டதும்
தளபதிகளுக்கு மாறிவிட்டான்.

ரினாத் ஹெலிகாப்டர் மெக்கானிக்.
போனதை எண்ணி, வந்ததை எண்ணி,
கழித்துக் கழித்தே தலை நரைத்தவன்.
அமெரிக்கக்காரன் தோளில் வைத்துச் சுடக் கொடுத்த குழாய்தான், என்பான்.
பிறகு தானே,
கையெழுத்துப் போட்ட கிழவர்களும்தான், என்பான்.
கிழவர்கள் செத்துப்போனார்கள்.
செத்தவன்மேல் பழி போடுவது சௌகரியம்,
எழுந்து வந்து மறுக்கமாட்டான்.

அர்காதி மட்டும் கோபக்காரன்.
பத்திரிகைகள், என்றான் இன்று.
தெருவில் நின்று அழுத தாய்மார்கள்.
என் அம்மாவும்தான் அழுதாள், என்றான் ரினாத்.
அவள் கண்ணீரில் எந்த டாங்கி வழுக்கியது, சொல்!

அர்காதி எழுந்த வேகத்தில் தூண்டில்புழு டப்பா கவிழ்ந்தது.
வெள்ளைப் பனியில் சிவப்புப் புழுக்கள்
நூல் நூலாய் நெளிந்தன.
சண்டையை நிறுத்தி
நான்கு பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம்.
புழு விற்கிற விலைக்கு வேறென்ன செய்வது.

நான் டேங்கர் லாரி ஓட்டியவன்.
ஸலாங் சுரங்கத்துக்குத் தெற்கே ஒரு கடை,
கடைக்காரன் பெயரைக் கேட்டதில்லை.
ஒரு நடைக்கு இருபது லிட்டர் டீசல் இறக்குவேன்.
ஏழாம் நடையில் ஒரு ஜப்பான் டேப் ரெக்கார்டர் கைக்கு வந்தது.
டீ கொடுத்தான், சர்க்கரை தனியாக.
அளவு குறையக் கூடாதே என்று
இறக்கிய இடத்தை ஓடைத் தண்ணீரால் நிரப்பினேன்.

அந்தக் குளிர்காலம் கணவாயில்
ஒரு கவச வண்டி நின்றுபோனது.
எரிபொருள் குழாயில் பனிக்கட்டி என்றார்கள்.
என் டீசலா, இன்னொருவன் டீசலா, தெரியாது.
தெரிந்துவிடக் கூடாதென்று விசாரிக்கவில்லை.
அர்காதிக்கு இடக்காலில் இரண்டு விரல் இல்லை.
எந்தக் கணவாய் என்று
இருபது வருஷமாக நான் கேட்டதில்லை.

டேப் ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறது.
என் மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள்.

வசந்தத்தில் அந்த வழியே வந்தபோது
கடை இருந்த இடத்தில்
நிலையோடு ஒரு கதவு மட்டும் நின்றது,
பூட்டியபடி.
அதைச் செய்தது யார் என்று
நாங்கள் ஒரு ஞாயிறும் வாதிட்டதில்லை.
தளபதி, கிழவர், குழாய், தாய்மார், மலை,
எல்லாம் எங்கள் பேச்சில் உண்டு,
அந்தக் கதவைத் தவிர.
தோற்றது யாரால் என்று கேட்கிறோம்,
ஏதோ அது நாங்கள்
வென்றிருக்க வேண்டிய எங்கள் வீடு மாதிரி.

நீ என்னப்பா சொல்கிறாய், யெவ்சேய்?
என்றான் அர்காதி, கோபம் ஆறி,
கோப்பையை என் பக்கம் நீட்டி.

குளிர், என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
வெயிலில் வெந்து வந்த படைக்கு
குளிராம், குளிர்!

துளைமேல் பாலில் படிவதுபோல் ஏடு படிகிறது.
கரண்டியால் வழித்துப் போடுகிறேன்.
தூண்டில் ஒருமுறை ஆடி நிற்கிறது.
மறுபடி படிகிறது.