மணிக்கம்பி

மாலை ஆறைத் தாண்டினால்
எங்கள் டவி ஆற்றுப் பள்ளத்தாக்கில்
இணையம் நொண்டத் தொடங்கும்.
நொடிக்கு ஒன்றரை மெகாபிட்.
செம்மறிகளை இடம்மாற்றும் அரசுப் படிவம்
பாதி நிரம்பி, பாதியில் தூங்கிப்போகும்.
"நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர், அம்மணி.
செம்பில் அவ்வளவுதான் ஓடும்" என்றார்கள்.
நம்பினேன்.
மழை வந்தாலும் வராவிட்டாலும்
மலையைத் திட்டிப் பழகிய வேல்ஸ் ஊர் இது.

வெள்ளிதோறும் தங்கை எலெரி
படகோனியாவிலிருந்து அழைப்பாள்,
பாதி வேல்ஷ், பாதி ஸ்பானியம்.
திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும்.
கன்னம் ஓரிடம், கண் ஓரிடம்.
"மேற்கு வயலை விற்க
கையெழுத்து எப்போது அனுப்புவாய்?"
கேட்கும்போதெல்லாம் உறைந்துவிடுவாள்.
பாழாய்ப்போன கம்பி என்பேன்.
உயிர் திரும்பும்போது
பேச்சு வானிலைக்குப் போயிருக்கும்.

டிசம்பரில் மின்வேலி பார்க்க வந்த கெத்தின்
தேநீர் ஆறும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அந்தப் பெட்டியின் கீழ்மூடியை
எப்போதாவது கழற்றினாயா?"
இரண்டே திருகாணி. வெண்ணெய்க் கத்தி போதுமாயிருந்தது.
உள்ளே இன்னொரு துளை, தூசிகூடப் படியாதது.
ரௌட்டரை அதில் செருகினோம்.
நான்கு புள்ளி ஒன்பது.
எண்ணைப் பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர்.
"கோளாறு உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, நெரிஸ்."

தவழ்ந்துபோய்த் தேடினேன்.
எனக்கு முன் இங்கிருந்தவர் யாரோ
தொலைபேசியை வீடெங்கும் விதைத்திருக்கிறார்.
மளிகை அறையில் ஒரு முளை.
குளியலறையில் ஒன்று (யாரோடு பேச?).
அலமாரிக்குப் பின்னால் ஒரு கம்பி
மூன்று தடவை பெயின்ட் குடித்து
எங்கும் போய்ச் சேராமல்
நுனி பிரிந்து நின்றது.

எல்லாவற்றோடும் கூடவே ஓர் ஆரஞ்சுக் கம்பி.
நீலமும் வெள்ளையும்தான் பேச்சைச் சுமப்பவை,
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு,
ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றது கழித்தபடி.
ஆரஞ்சுக்கு ஒரே வேலை: மணி அடிப்பது.
துணையில்லாத அது
வீட்டின் நீளத்துக்குக் காதை விரித்து
இரவில் எந்த நாட்டு வானொலியோ கத்தும் ரக்பியையும்
நொடிக்கொரு சொடுக்காக என் மின்வேலியையும்
பொறுக்கிவந்து நடுக்கூடத்தில் கொட்டியிருக்கிறது.

மூன்றாம் முனையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.
வெட்டவில்லை, மடக்கி வைத்தேன்.
மாடித் தொலைபேசி இனி மணி அடிக்காது.
அதில் வந்ததெல்லாம் ஜன்னல் விற்பவர்கள்தான்.

"பத்து நாள் அணைக்காதே" என்றான் கெத்தின்.
"அந்தப் பக்கத்து இயந்திரம் சந்தேகப் பிராணி.
மெல்லத்தான் நம்பும்."
பத்து நாள், புதுப் பூனையைச் சுற்றி நடப்பதுபோல்
ரௌட்டரைச் சுற்றி நடந்தேன்.
ஐந்து. ஐந்தரை. ஆறு புள்ளி இரண்டு.

வெள்ளியன்று எலெரி முழுதாக வந்தாள்.
காதோரம் நரை.
பின்னால் ஆணியில் கைத்துணி, அதன் கிழிசல்கூட.
மேற்கு வயலைக் கேட்டேன்.
உறைந்தாள்.

பழக்கத்தில் திரும்பி ரௌட்டரைப் பார்த்தேன்.
நான்கு பச்சை விளக்குகளும் இமைக்கவில்லை.
திரையில்
அவள் கழுத்துச் சங்கிலி மூச்சோடு ஏறி இறங்கியது.
அடுப்பில் கெட்டிலின் மூக்கிலிருந்து
ஆவி போய்க்கொண்டே இருந்தது.

எத்தனை வெள்ளிக்கிழமைகளைச்
செம்பின் தலையில் கட்டியிருக்கிறேன்.

"லைன் சரியாகிவிட்டது போலிருக்கிறதே" என்றாள், கடைசியில்.
"ஆமாம்."
"ம்."
எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.
நாற்காலியைத் திரைக்கு அருகே
இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.