ஜூலையிலும் பனி

பிராக்டன் நகரம், மாசசூசெட்ஸ்.
வீட்டு உதவி அலுவலகத்தில்
மூன்றாம் மேசை என்னுடையது.
என் வேலை ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே என்றால் உள்ளே,
மேலே என்றால் வெளியே.
உலகத்தில் மற்ற இடமெல்லாம் தலைகீழ்தானே என்று
சேர்ந்த வாரம் சிரித்தேன்.
அப்புறம் சிரிக்கவில்லை.

இடலினா ஃபுர்த்தாடோ வந்தது ஒரு பிப்ரவரியில்.
கேப் வெர்டே தீவில் பிறந்தவள்,
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
பிளாஸ்டிக் உறைக்குள் தேதி வாரியாக
எட்டு வாரச் சம்பளச் சீட்டுகள்.
இரண்டு பிள்ளைகள், ஒரே அறை,
சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே.
நான் கேட்காமலே சொன்னாள்:
சின்னவன் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து படிக்கிறான்,
அங்கேதான் விளக்கு நன்றாக எரிகிறது.

ஏழு சீட்டுகள் உடன்பிறப்புகள் போல ஒரே முகம்.
ஒன்று மட்டும் கொழுத்திருந்தது.
"இது?"
"பனிப்புயல்."
மூன்று நாள் பேருந்து இல்லை,
மாற்றாள் வரவில்லை.
பதினெட்டுப் படுக்கைகளை விட்டுவிட்டு எங்கே போவது?
அழுக்குத் துணிக்கூடைகளுக்கு நடுவே தூங்கி
எழுந்து மறுபடி போர்வை மாற்றியிருக்கிறாள்.
கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு.

எட்டு வாரத்தைக் கூட்டு,
ஐம்பத்திரண்டுக்கு விரி. விதி அதுதான்.
விரித்தேன்.
என் கணக்கியில் பனி பெய்தது
மார்ச்சில், மே மாதத்தில்,
ஊரே கடற்கரைக்குப் போகும் ஜூலையிலும்.
பேருந்து நின்றது, மாற்றாள் வரவில்லை,
துணிக்கூடைகளுக்கு நடுவே தூங்கினாள் இடலினா
ஆண்டு முழுக்க.
பனி பணியாகி, பணி பணமாகி
எழுந்தபோது பணக்காரி.
வரம்புக்கு மேலே
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

"யார் போட்ட கோடு?"
வட்டாரத்தின் நடு வருமானத்தில் ஒரு பங்கு, என்றேன்.
"அந்த நடுவில் இருப்பது யார்?"
பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
எனக்கும் அவரைத் தெரியாது.

பையைத் திறந்தாள்.
"திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?"
"எதை?"
"அந்த இருநூற்றுப் பன்னிரண்டை."
அவள் கைக்கு இன்னும் வராத பணம் அது.
படிவத்தைப் புரட்டினேன், ஏதோ இருக்கும் போல.
ஜீவனாம்சத்துக்குப் பெட்டி உண்டு,
லாட்டரிக்கு உண்டு,
இதற்கு இல்லை.

ஒரு வழி இருந்தது, சொன்னேன்:
இது இனி நேராது என்று
இல்லத்திலிருந்து ஒரு கடிதம்.
மேலாளர் பெல்க்கி நல்ல மனிதர்தானாம்.
பேனாவை எடுத்தாராம், வைத்தாராம்.
இனி பனி பெய்யாது என்று
எப்படிக் கையெழுத்துப் போடுவது?

மறு வருடமும் வந்தாள், அதே உறை.
இந்த முறை எட்டும் ஒரே முகம்.
வரம்புக்கு நாற்பது டாலர் கீழே.
எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்பார்கள்.
எப்படிச் சம்பாதிக்காமல் இருந்தாய் என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவளே சொன்னாள்.
மணிக்கு அறுபது சென்ட் உயர்வு தந்தார்கள்,
வேண்டாம் என்றேன்.
ஜனவரிப் புயலில், நேரம் முடிந்ததும்
கோட்டை மாட்டிக்கொண்டேன்.
நான்கு மைல், நடந்தேன்.
கதவு மூடும்போது உள்ளே
அழைப்பு மணி அடித்தது.

எந்த அறை என்று அவளுக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

தகுதி உண்டு என்று முத்திரை குத்தினேன்.
காத்திருப்போர் வரிசையில்
அறுநூற்றுப் பதினாறு.
எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
சீட்டுகளை உறைக்குள் தள்ளினாள்,
உறையின் வாயை மடித்து
இன்னொரு மடிப்பும் மடித்தாள்.
ஜன்னலில் மறுபடி தொடங்கியிருந்தது,
மெல்லியதாக.
கடன் கொடுத்தவன் தெருமுனையில் நிற்பதைக் கண்டவள் போல
அந்தப் பக்கம் பாராமல்
பின் கதவு எங்கே என்று கேட்டாள்.