ஒரு சோடி எட்டு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
செருப்புக்கடை மாடியில் பஸ்லானின் கடை.
என்னோடு ஏ.எல். எழுதியவன்.
கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டி வைத்தான்:
மூவாயிரத்து இருநூறு,
மூவாயிரத்து அறுநூறு.
நடுவே ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

சீட்டுக் காசு என் பைக்குள்,
'சாப்பாட்டுக்குப் பின்' என்று அச்சடித்த
பார்மசி உறையில்.
பதுளையிலிருந்து கிருபாகர் காலையிலேயே எழுதியிருந்தான்:
வாங்கினா அறுநூறு, இல்லாட்டி எங்க டீமுக்கு வராத.

"படம் வரைய ஒனக்குத் தனி அட்டை இல்ல,
புரொசஸர் நினைவகத்துலதான் கடன் வாங்கி வரையும்,
வேகம் முக்கியம்" என்றான் பஸ்லான்.
அதே மூச்சில்,
"அதவிட முக்கியம் சோடி.
ஒத்தப் பதினாறு வேணாம், எட்டும் எட்டுமா எடு.
ஒரு வாசல் பஸ்ஸும் ரெண்டு வாசல் பஸ்ஸும் மாதிரி."
தினமும் ஏழு மணி நோர்வூட் பஸ்ஸில்
கம்பியில் தொங்கி வருகிறவள் நான்.
மேலே விளக்கம் கேட்கவில்லை.

பெட்டியின் பின்னால் பொடி எழுத்து.
ஒன்றில் பதினாறு, ஒன்றில் பதினெட்டு.
"இது மட்டும் குறைஞ்சா நல்லம்."
கூடினால் நல்லதும் குறைந்தால் நல்லதும்
ஒரே தாளில்,
ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி.

பிள்ளைகளின் நிறைக்கு மருந்து பிரித்துப் பழகிய கை,
உறையின் முதுகில் வகுத்தேன்.
கேட்டதற்கு முதல் பதில் வரும் நேரம்
இதற்கும் பத்து நானோ செக்கன்,
அதற்கும் பத்து.
திரும்ப வகுத்தேன்.
பத்துதான்.

"அப்ப அறுநூறுல என்னதான் கூடும்?"
"அள்ளுற அளவு கூடும்.
அறுவது ஃபிரேம் ஓடுற எடத்துல அறுவத்து மூணு."

மூன்று ஃபிரேம்.
அதே காசுக்கு மூலையில் கிடந்தது
பாவித்த யூ.பி.எஸ். ஒன்று.
எங்கள் பக்கம்
மழைக்கு முன்னமே கரண்டு போகும்.

இருநூறில் ஒரு சோடி எடுத்தேன், யூ.பி.எஸ்ஸும்.
டிக்கோயா தாண்டும்போது மூட்டம்.
மடியில் பெட்டியோடு நான்.
"டீவியா?" என்றார் ஆட்டோக்காரர்.
ஆமா என்றேன்.

பதினொரு வாரம் விளையாடினேன்.
பதினொரு வாரமும்
மூலை திரும்பும் முன் சுட்டார்கள்.
"நோர்வூட் குளிருல வெரல் வெறச்சிருச்சு போல"
ஹெட்செட்டில் கிருபாகர் சிரித்தான்.
நானும் அதையே நம்பி
கோப்பையில் சுடுதண்ணி வைத்து
ஆட்டத்துக்கு ஆட்டம் விரல் காய்ச்சினேன்.

ஒரு போயா லீவில்
சும்மா டாஸ்க் மேனேஜரைத் திறந்தால்
வேகம்: இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

பஸ்லானுக்கு அடித்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பயோஸுக்குள்ள ஒரு சுவிட்ச் இரிக்கி.
போட மறந்திட்டன் போல.
சொல்லாட்டி அது தன்ட வேகத்துல ஓடாது."

காசு கொடுத்தாயிற்று,
சோடி சேர்த்தாயிற்று,
பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டும் இருக்கிறது.
ஆனாலும் யாராவது உள்ளே போய்
ஓடலாம் என்று சொல்ல வேண்டுமாம்.

டிலீட்டை விடாமல் தட்டினேன்.
சாம்பல் பக்கம். நாலாவது வரி. மாற்றினேன்.
திரை கறுத்தது.
விசிறி சுற்றியது, நின்றது, சுற்றியது, நின்றது.
அந்த நேரத்துக்குள்
சீட்டுக் கட்டிய எட்டு மாதமும்
ஒவ்வொன்றாக வந்து போனது.

பிறகு வெளிச்சம்.
மூவாயிரத்து இருநூறு.

அன்றிரவும் தோற்றோம்.
ஆனால் மூலையில் வந்தவனை
அவன் காணும்போதே நானும் கண்டேன்.
இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தோம்.
"என்ன, வெரல் சூடாயிருச்சா?" என்றான் கிருபாகர்.

சுடுதண்ணியில்
தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டேன் என்றேன்.