புரை

ஜூன் கடைசியில், நள்ளிரவிலும் இருட்டாத ஒரு நாளில்
சாரேமா தீவின் படகுத்துறையிலிருந்து
தலைகீழாகக் குதித்தான் தார்வோ.
கடல் அன்று இடுப்பளவுதான் இருந்தது.
கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே
அவன் எழுந்திருக்கக் காத்திருந்தார்கள்.

அன்று அவன் குடித்த உப்புநீர்
அரை வாளி இருக்கும்.
அதில் சாகவில்லை.

இப்போது
ஒரு தேக்கரண்டி போதும் என்கிறார்கள்.

கழுத்தை முன்பக்கம் கீறி
உணவுக்குழாயை ஓரமாக ஒதுக்கித்தான்
எலும்புக்குத் தகடு வைத்தார்களாம்.
ஒதுக்கியது பழைய இடத்துக்கு வந்துவிட்டது,
பழைய பழக்கத்துக்கு வரவில்லை.
மூச்சுக்குத் துளை. துளையில் குழாய்.
கையும் காலும் போனதைப் பற்றிப் பேச
எல்லோரிடமும் சொற்கள் இருந்தன.
எச்சில் விழுங்குவதைப் பற்றி
யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் ஹெல்வே
தண்ணீரில் மாவு கலக்குகிறாள்.
கஞ்சிப் பதம், தேன் பதம், களிப் பதம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்;
இங்கே ஆற்றையே அளந்து கெட்டியாக்குகிறார்கள்.
கெஞ்சிக் கேட்டதில் ஒருநாள்
பீர்கூடக் களியாக வந்தது.
நுரை அதன்மேல்
நகரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"கூழை நம்பலாம் தார்வோ,
தண்ணீர்தான் நமக்குத் தண்ணி காட்டும்."

அக்டோபரில் எக்ஸ்ரே கருவிமுன்
நாற்காலியோடு நிறுத்தி
சுண்ணாம்பு போலொரு திரவம் தந்தார்கள்.
விழுங்கினான். இருமவில்லை.
தேறிவிட்டேன் என்று புருவத்தை உயர்த்தினான்.
ஹெல்வே படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள்.
கறுப்பாய் ஒரு கோடு
வாசல் தவறி, சத்தமே இல்லாமல்
நுரையீரல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது,
அடுப்படிக்குள் பூனை போவது போல.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது
நான் எழுதும் மொழியின் நம்பிக்கை.
அவன் மொழியில் அப்படி உண்டா, தெரியாது.
அவனுக்குத்தான் புரையே ஏறவில்லையே.
நினைப்பதற்கு ஆள் இருந்தது:
ஏவி வாரம் இருமுறை படகேறி வந்தாள்.

குளிர்காலத்தில் இரண்டு முறை நிமோனியா.
கடல் உறைந்த வாரம் ஏவி வார்டிலேயே தங்கி
அவன் வயிற்றில் இரு கையும் வைத்து
மூச்சோடு சேர்த்து அழுத்தக் கற்றாள்;
அவன் இருமலை அவள் இருமினாள்.

ஏப்ரலில் பிர்ச் மரத்தில் துளையிட்டு
ஒரு பாட்டில் சாறு கொண்டுவந்தாள்.
தண்ணீர் போலவே இருக்கும்,
தண்ணீரைவிட ஒரு நினைவளவு இனிப்பு.
மாவுப் பொட்டலத்தை எடுத்த கையை
அவன் பார்த்த பார்வையில்
ஹெல்வே திரும்ப வைத்துவிட்டாள்.
இரண்டாம் படம் முந்தாநாள்தான் எடுத்திருந்தார்கள்.
"தாடையை நெஞ்சோடு சேர். மூன்று கரண்டி.
நான்காவது கிடையாது."

முதல் கரண்டி போனது.
இரண்டாவது போனது.
மூன்றாவதில் முகம் சிவந்து, கண் நிறைந்து,
அழுத்த யாரும் இல்லாமலே
தானாக, கோணலாக,
ஒரு சின்ன இருமல்.

"ஏறிவிட்டது!" என்று ஏவி பயந்தாள்.
"ஏறியது தெரிந்துவிட்டது!" என்று ஹெல்வே
மேசையைத் தட்டினாள்.

மீதிச் சாற்றை ஏவி
வராந்தாவுக்குப் போய்க் குடிக்கத்தான் எழுந்தாள்.
இங்கேயே குடி என்றான்.
அவள் அண்ணாந்து குடிக்கக் குடிக்க
அந்தத் தொண்டை
ஏறி இறங்கி ஏறி இறங்குவதை
கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்,
வாயில் ஊறியதை
தாடை தாழ்த்தி
மெதுவாக விழுங்கியபடி.